முதலில் ருசி, பிறகு பெயர்

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
பங்குனி 14.

அன்பின் மருமகனுக்கு,

கொம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது; போன திங்கள் வற்றாப்பளைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தா. பனைகளில் பாளை வந்து சீவலும் தொடங்கிவிட்டது.

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாக மறுமொழி சொல்லவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. வைகாசியில் உனக்குச் சோதனை. போத்தலைத் துணியால் மூடிவைத்து ஊற்றித் தருவார்கள். என்ன வைன், எந்தப் பக்கத்தது, தரம் எப்படி என்று மணந்தும் சுவைத்தும் எழுதவேண்டும். கூடப் படிக்கிற பிரெஞ்சுப் பெடியள் ‘கசிஸ்’, ‘பிராம்புவாஸ்’ என்று மளமளவென்று எழுதுகிறார்கள், அந்தப் பழங்களை நான் பரிஸ் கடைகளில்தான் முதன்முதல் கண்டேன், எனக்கு அந்த மூக்கு இல்லை மாமா என்றாய். அந்தப் பேச்சு என் மனதைவிட்டுப் போகவில்லை. உனக்கு நல்ல மூக்கு இருக்கிறது, தம்பி. பத்து வயதுவரை இந்த மண்ணில் வளர்ந்த மூக்கு. அதை எப்படிப் பாவிப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முந்திரிகை வைனைப் பற்றி நான் புத்தகங்களில் வாசித்ததும் நீ கொண்டுவந்து தந்ததும்தான். ஆனால் ருசிபார்ப்பதே என் தொழிலாக இருந்தது உனக்குத் தெரியும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் கள்ளுக் கொள்வனவு செய்தவன் நான். விடியச் சீவற்காரர் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். அளப்பதற்கு முன்னம் ஒவ்வொரு கானிலும் ஒரு மிடறு பார்க்கவேண்டும். தண்ணி கலந்ததா, சீனி கரைத்ததா, நேற்று மிஞ்சியது இன்றையதோடு சேர்ந்திருக்கிறதா, முட்டி கழுவிக் காயவிடப்பட்டதா என்பதெல்லாம் அந்த ஒரு மிடறில் தெரியும். அதை விழுங்குவதில்லை. வாயில் உருட்டிவிட்டுத் துப்பவேண்டும். துப்பாமல் பார்த்தால் ஏழாவது கானுக்கு நாக்கு வேலை செய்யாது.

அதைவிட முக்கியமான ஒன்றை உன் அம்மப்பா எனக்குப் பழக்கினார். யாருடைய கான் என்று பார்க்காமல் ருசிபார் என்பதுதான் அது. ஊரில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை இருக்கும். இவன் நேர்மையானவன், அவன் தண்ணி கலப்பவன், இவனுடைய மரம் நல்ல மரம் என்று. அந்தக் கதை காதில் இருக்கும்போது நாக்கு அந்தக் கதையைத்தான் சொல்லும். ஆகவே ஒரு பெடியனை நிறுத்தி, அவன் கையால் ஊற்றித் தர, நான் மற்றப் பக்கம் திரும்பி நின்று சுவைத்துத் தரத்தைச் சொல்வேன். பிறகுதான் கானின் நம்பரைப் பார்ப்பது. எத்தனையோ பேரின் பெயர் அந்த முறையால் நிமிர்ந்தது. ஊர் குறைத்துப் பேசிய கைகளிலிருந்துதான் பல நாள் மிகச் சுத்தமான கள்ளு வந்தது. உங்கள் சோதனையில் போத்தலைத் துணியால் மூடுவதும் இதே காரியத்துக்குத்தான்.

கள்ளில் பழகிய நாக்குக்கு வைனின் எலும்புக்கூடு விளங்கும். பாளையிலிருந்து சொட்டுகிற நீரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை சீனி இருக்கிறது. முட்டியின் உட்சுவரிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பக்டீரியாவும் அது சொட்டும்போதே வேலையைத் தொடங்கிவிடும். விடியற்காலையில் இறக்கினால் இனிப்பும் மெல்லிய புளிப்பும் நாக்கைக் குத்துகிற வாயுவும் இருக்கும். வெயில் ஏற இனிப்பு இறங்கி வெறி ஏறும். நூற்றுக்கு நாலைந்து பங்கு மதுசாரம் சேரும். அடுத்த நாள் புளிப்பு முன்னுக்கு வரும். இன்னும் விட்டால் வினாகிரி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் இந்தப் பயணமே தொடங்காது; அது கருப்பநீர். முந்திரிகைச் சாறு கிழமைக்கணக்கில் நொதித்து, 12 முதல் 14 வரையான மதுசாரத்தோடு வருஷக்கணக்கில் நிற்கிறது. கள்ளோ எல்லாவற்றையும் ஒன்றிரண்டு நாளில் காட்டி முடித்துவிடும். இனிப்பு, புளிப்பு, மதுசாரம், ஊத்தை வாசம், வினாகிரித் தொடக்கம் ஆகிய எல்லாவற்றையும் உன் வீட்டு முற்றத்திலேயே நீ மணந்திருக்கிறாய். அம்மம்மா அப்பமாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த இரவுகளில் குசினி முழுக்க எழும்பிய வாசம் ஈஸ்ட்டின் வாசம். அதே வாசத்தை உன் ஆசிரியர் ஷம்பேனில் காட்டுவார்.

வைனில் மேலதிகமாக இருப்பது துவர்ப்பு. இதில் உனக்கு ஒரு முதல் இருக்கிறது. நம்முடைய ஆட்கள் அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணிவைத்திருக்கிறார்கள். மேற்கத்தைய நூல்கள் அதைச் சுவையென்று சொல்லாமல், எச்சிலில் உள்ள புரதத்தோடு தனின் ஒட்டுவதால் வாயில் வருகிற உலர்ந்த உணர்வு என்று விளக்கும். விளக்கம் சரி. ஆனால் சின்ன வயதிலிருந்தே துவர்ப்பைத் தனியாகப் பிரித்து அறிந்த பிள்ளைக்கு அதன் வகைகளும் தெரியும். பச்சைப் பாக்கின் துவர்ப்பு கன்னத்தைப் பிடிக்கும். நாவல்பழத் துவர்ப்பு நாக்கில் படிந்து கரையும். மாதுளந்தோலின் துவர்ப்பு கைப்போடு வரும். தேயிலைச் சாயம் கடுத்தால் வருவது நாக்கின் நடுவில் நிற்கும். சிவப்பு வைன் ஒன்றைக் குடிக்கும்போது இந்த நாலில் எது என்று உன்னையே கேள். ‘தனின் கூட, குறைய’ என்று மட்டும் எழுதுகிறவர்களைவிட நீ ஒரு படி மேலே நிற்பாய்.

போன ஆவணியில் நீ வந்தபோது மாமரத்தின் கீழ் நாங்கள் செய்த ருசிபார்ப்பை நினைத்துப்பார். எல்லாம் நீ வேலைசெய்கிற வைன் கடையில் மலிவு விலைக்கு விற்கிறவை, உன் முதலாளி அன்பளிப்பாகத் தந்த விலைகூடிய ஒன்றைத் தவிர. பேப்பரில் சுற்றி நம்பர் போட்டு வைத்தாய். வெள்ளை வைனை மணந்தவுடன் பெரியத்தான், “இதில் கள்ளு மண்டி வாசம் இருக்குது” என்றார். நீ பேப்பரைப் பிரித்தாய், மஸ்கடே. லுவார் ஆறு கடலை நெருங்குகிற நாந்த் நகரத்துப் பக்கத்து வைன். நொதித்து முடிந்தபின் அடியில் தங்குகிற ஈஸ்ட் மண்டியை எடுக்காமல் மாதக்கணக்காக அதன்மேலேயே கிடக்கவிட்டுப் போத்தலில் அடைக்கிறார்கள் என்று நீதான் விளக்கினாய். வாழ்நாளில் வைன் தொடாத மனுசன் ஒரே முகர்வில் சரியாகச் சொல்லிவிட்டார். நந்திக்கடல் இறாலோடு அது நன்றாகச் சேர்ந்தது. நாந்திலும் அதைக் கடலுணவோடுதான் குடிக்கிறார்கள்.

மென்சிவப்பான இன்னொன்றில் பக்கத்து வீட்டு அக்கா, “பழுத்த இதரை வாழைப்பழம்” என்று சொன்னா. எல்லாரும் அவவைப் பார்த்தார்கள். முந்திரிகையில் ஏன் வாழைப்பழம் மணக்கவேண்டும்? அது பொஜொலே. முந்திரிகைக் குலைகளை நசிக்காமல் முழுசாகத் தொட்டியில் அடைத்து, கரியமிலவாயு சூழ நொதிக்கவைக்கிற முறையில் ஐசோ அமைல் அசற்றேற்று என்ற பொருள் கூடுதலாக உண்டாகிறது. வாழைப்பழத்துக்கு அதன் வாசத்தைக் கொடுப்பதும் அதே பொருள்தான். தெற்கே ரோன் ஆற்றுப் பக்கத்துச் சிவப்பில் நான் மிளகு மணந்தேன். அதில் கலக்கிற சிரா என்ற முந்திரிகையின் தோலில் ரொட்டண்டோன் என்ற பொருள் இருப்பதை 2008-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மிளகுக்கு அந்த வாசம் வருவதும் அதனால்தான். ஆகவே வைனில் மிளகும் வாழைப்பழமும் மணப்பதாகச் சொல்வதை அலங்காரப் பேச்சென்று நினைக்காதே. அந்தப் பொருள் கிளாசுக்குள் உண்மையாகவே இருக்கிறது. மூக்கு பொய் சொல்லவில்லை.

கடைசியில் விலையைச் சொன்னாய். இரண்டு பேர் விலைகூடியதை முதலாவதாக வைத்திருந்தார்கள். அதன் ருசி வாயில் நெடுநேரம் நின்றது என்றார்கள், அது உண்மை. மற்றவர்களுக்கு வாழைப்பழம் மணத்த மலிவுப் போத்தல்தான் பிடித்தது. விலை கூடினால் பொய் என்றும் மலிவானால் நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. விலை ருசிக்குச் சாட்சியில்லை என்று சொல்கிறேன்.

உலகம் இதை அறிந்துகொண்டது உன் ஊரிலேயேதான். 1976 மே 24-ஆம் திகதி ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பரிஸில் ஒரு போட்டி வைத்தார். கலிபோர்னிய வைன்களையும் பிரான்சின் பெயர்பெற்ற வைன்களையும் பெயர் மறைத்து ஊற்றினார்கள். தீர்ப்புச் சொன்ன 9 பேரும் பிரெஞ்சுக்காரர்; அந்தத் துறையில் பெரியவர்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் நிலையத்தின் 1973 வைனும், வெள்ளையில் ஷாத்தோ மொண்டலீனாவின் 1973 ஷார்டனேயும் முதலிடம் பெற்றன. இரண்டு நிலையங்களும் கலிபோர்னியாவின் நாபாப் பள்ளத்தாக்கில் இருப்பவை. மூட்டோன் ரொத்ஷில்ட் போன்ற பேரரசர்கள் பின்னுக்குப் போனார்கள். அங்கே இருந்த ஒரே பத்திரிகைக்காரரான ஜோர்ஜ் டேபர் அதை ‘டைம்’ சஞ்சிகையில் எழுதினார். அன்றைக்குப் பெயரைக் காட்டி ஊற்றியிருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா?

பொர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு சோதனையை உன் பாடத்திலும் சொல்லியிருப்பார்கள். வைன் படிக்கிற 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை வைனையும், அதே வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு வைனுக்குரிய பழங்களின் பெயர்களாலேயே வர்ணித்தார்கள். 2001-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கண் முந்திக்கொண்டு மூக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. 2008-இல் அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட மூடிய ருசிபார்ப்புகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள் விலைகூடிய வைனைக் கூடுதலாக விரும்பவில்லை, சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள் என்று தெரிந்தது. அதே வருஷம் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. ஒரே வைனை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவரின் மூளையைப் படமெடுத்தார்கள். 90 டொலர் என்று கேட்டபோது, இன்பத்தை உணர்கிற மூளைப்பகுதி உண்மையிலேயே கூடுதலாக வேலைசெய்தது. விலையைக் கேட்டு ருசியென்று சொல்கிறவர் நடிக்கவில்லை. அவருக்கு அப்படித்தான் ருசிக்கிறது. அதனால்தான் நேர்மையான மனம் மட்டும் இருந்தால் போதாது, துணியும் பேப்பரும் வேண்டும்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

தனியாகப் பழகாதே. உன்னோடு அறையில் இருக்கிற பெடியள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். ஒருவர் போத்தல்களை வாங்கிக் கழுத்துவரை சுற்றட்டும், வேறொருவர் இடம் மாற்றி நம்பர் போடட்டும். அப்போது எந்த நம்பர் எந்தப் போத்தல் என்று எவருக்கும் தெரியாது. கிளாசுகள் எல்லாம் ஒரே வகையாக இருக்கவேண்டும். சமைத்த மணம் இல்லாத நேரம் பார்; உங்கள் அறையில் கறி தாளித்த பின்னேரம் சரிவராது, காலை நல்லது. வெள்ளையைக் குளிராகவும் சிவப்பைச் சற்றே குளிராகவும் வை. இடையில் தண்ணியும் வெறும் பாணும் போதும்.

மூன்று கிளாஸ் வைத்து, இரண்டில் ஒரே வைனும் ஒன்றில் வேறும் ஊற்றச் சொல். எது வேறு என்று கண்டுபிடி. குருட்டுவாக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு தரம் சரிவரும். ஆகவே திரும்பத் திரும்பச் செய்தால்தான் உன் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். இன்னொரு நாள் வரிசையில் ஒரே வைனை இரண்டு இடத்தில் ஒளித்துவைக்கச் சொல். இரண்டுக்கும் நீ ஏறக்குறைய ஒரே குறிப்பை எழுதினால் உன் கை நிதானப்பட்டுவிட்டது. யாராவது வாய் திறந்து ஒரு பழத்தின் பெயரைச் சொன்னால் எல்லார் மூக்கிலும் அதுவே ஏறிவிடும். ஆகவே எல்லாரும் எழுதி முடிக்கும்வரை எவரும் கதைக்கக்கூடாது.

எழுதும்போது முதலில் எலும்புக்கூடு: புளிப்பு எவ்வளவு, இனிப்பு மிஞ்சியிருக்கிறதா, துவர்ப்பு எந்த வகை, மதுசாரம் தொண்டையைச் சுடுகிறதா, வாயில் தண்ணிபோல ஓடுகிறதா கனக்கிறதா. பிறகு வாசம். பிறகு, துப்பியபின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. ‘உயர்ந்தது’, ‘கம்பீரமானது’ போன்ற சொற்களை விட்டுவிடு. அவற்றை எவராலும் மணந்து பார்க்கமுடியாது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஆன் நோபிள் 1984-இல் வாசச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தா. அதில் இருப்பவை பெரும்பாலும் கையில் எடுத்து மணக்கக்கூடிய பொருட்களின் பெயர்கள்தான். பழம் என்று தொடங்கி, என்ன வகைப் பழம், அதில் எந்தப் பழம் என்று ஒடுங்கிக்கொண்டே போகும். உனக்கென்று இப்படியொரு சக்கரத்தை நீ எழுதிக்கொள். பாலைப்பழம், வீரப்பழம், நாவல், விளாம்பழம், ஈச்சம்பழம், நெல்லி, பனம்பழம், முதல் மழையில் நனைந்த குளத்துச் செம்மண், சுட்ட புளியங்கொட்டை, வெயிலில் காயும் கருவாடு, கோயில் கற்பூரம். இவற்றையெல்லாம் நீ கண்ணை மூடிக்கொண்டு மணப்பாய்.

சோதனைத் தாளில் அவர்களுக்கு விளங்குகிற பெயர்தானே வேண்டும் என்பாய். அதற்கும் வழி உண்டு. சந்தையில் அந்தப் பழங்களை வாங்கு. கசிஸைக் கையில் நசித்து மண. உன் நாவல்பழத்துக்கு எவ்வளவு கிட்ட, எங்கே விலகுகிறது என்று கொப்பியில் எழுது. மலிவான, வாசம் குறைந்த வெள்ளை வைனைச் சின்னக் கிளாசுகளில் ஊற்றி, ஒன்றில் இரண்டு மிளகு, ஒன்றில் கராம்பு, ஒன்றில் வாழைப்பழத் துண்டு, ஒன்றில் எலுமிச்சந்தோல் போட்டு மூடிவைத்து, பிறகு எது எதுவென்று தெரியாமல் மணந்து கண்டுபிடி. ஆன் நோபிளும் மாணவர்களுக்கு இப்படித்தான் பழக்கினா. ஒரு மாதத்தில் உன் மூக்கு இரண்டு ஊருக்கும் பொதுவாகிவிடும். தமிழர் கைக்கு இது புது வித்தையென்று நினைக்காதே. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். 1945-இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடற்பக்கத்து வைன் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து வந்த வைனை நம்முடைய முன்னோர் தங்கள் நாக்கால் அளந்து, தங்கள் சொல்லால் சொல்லிவைத்தார்கள்.

ஒரு கண்டிப்பும் இருக்கிறது. ருசிபார்க்கிறவன் துப்பவேண்டும். கசிப்பு எத்தனை குடும்பங்களை இந்த வன்னியில் தின்றது என்று உனக்குத் தெரியும். போருக்குப் பிறகு வந்த துயரத்தைக் குடியால் மூடப்பார்த்த ஆட்களை நான் இன்றைக்கும் ஒழுங்கையில் காண்கிறேன். அவர்களுக்கு ருசி தெரியாது. எது கிடைத்தாலும் குடிப்பார்கள். நீ படிக்கிற வித்தை அதற்கு நேர் எதிரானது. ஒரு மிடறை அரை மணித்தியாலம் யோசிக்கிற வித்தை. அந்த எல்லையை ஒருநாளும் தாண்டாதே.

இனி, இந்தக் கடிதத்தில் நான் சொல்லவேண்டுமென்று இருந்த முக்கியமான விஷயம்.

மூடிய ருசிபார்ப்பில் இரண்டு பாதி உண்டு. பெயரை மறைப்பது ஒரு பாதி. தீர்ப்புச் சொன்னபின் துணியை எடுத்துப் பெயரை வாசிப்பது மற்றப் பாதி. பரிஸில் அன்றைக்குத் துணியை எடுத்தபடியால்தான் நாபாவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் சங்கத்தில் முதல் பாதி மட்டும் நடந்தது. நல்ல கள்ளு என்று நான் சொன்னபின் எல்லாக் கானும் ஒரே பரலுக்குள் போனது. இன்ன மரம், இன்ன கை என்பது அங்கேயே அழிந்துவிட்டது. தவறணையில் குடிக்கிறவருக்கு அது வெறும் கள்ளு.

உன் அம்மப்பா பனையேறி எங்களை வளர்த்தார். அவர் இறக்கிய கள்ளை விரும்பிக் குடித்த வீடுகள் பல, அவரை வாசற்படிக்கு உள்ளே விடவில்லை. 2009-க்குப் பிறகு முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது புதுக்குடியிருப்பிலிருந்து கரைவரை செல் அடித்துத் தலை போன பனைகள் நின்றன. பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரம் போனது. புதிதாக நட்ட விதை வடலியாகிப் பாளை விடப் பதினைந்து இருபது வருஷம் எடுக்கும். மிஞ்சி நின்ற மரங்களில் அவர் மறுபடியும் ஏறினார். அந்தக் கள்ளு ஒரு போத்தல் எவ்வளவு குறைந்த விலைக்குப் போனது என்று உனக்குத் தெரியும். தமிழ்நாட்டிலோ அரசாங்கக் கடையில் பிராந்தியும் பியரும் விற்கிறார்கள், கள்ளிறக்க 1987 முதல் தடை. குடியின் தீமை மட்டும் காரணமென்றால் இந்த வித்தியாசம் வந்திராது. இறக்குகிறவர் யார் என்று தெரிந்துகொண்டே ருசியை அளந்த பழக்கம் அதில் கலந்திருக்கிறது.

நீ விற்கிற மலிவுப் போத்தல்களுக்குப் பின்னாலும் இப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். தெற்குப் பிரான்சின் லங்குடொக் பக்கத்தில் 1907-இல் வைன் விலை விழுந்து சிறு தோட்டக்காரர் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நார்போன் நகரத்தில் பட்டாளம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அந்தக் காலத்திலேதான் அங்கே கூட்டுறவு வைன் ஆலைகள் எழும்பத் தொடங்கின. நம்முடைய சங்கத்தைப் போலவே சின்னத் தோட்டக்காரர் தங்கள் பழத்தைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டுகிற இடங்கள். இன்றைக்கும் ஐந்தாறு யூரோவுக்கு நல்ல சிவப்பு அங்கேயிருந்து வருகிறது.

ஆகவே என் மன்றாட்டம் இதுதான். சோதனையில் பெயர் தெரியாமல் நேர்மையாக ருசிபார். பாஸ் பண்ணிக் கடைக்குத் திரும்பியபின், மலிவுப் போத்தல் ஒன்று நன்றாக இருக்கிறதென்று உன் நாக்கு சொன்னால், அது எந்த ஊர், எந்தச் சங்கம், யார் கை என்று தேடிப் படித்து, வாங்க வருகிறவருக்குச் சொல். பரிஸின் லாச்சப்பல் பக்கத்திலிருந்து வருகிற நம்முடைய சனம் கொண்டாட்டத்துக்கு விலையைப் பார்த்து வாங்கப் போனால், ஒரு சின்னக் கிளாசில் ஊற்றிக் கொடுத்து, முதலில் ருசியைச் சொல்லச் சொல். விலையைப் பிறகு சொல். அடுத்தமுறை வரும்போது உன் வகுப்புக் கூட்டாளிகள் எவரையாவது கூட்டிக்கொண்டு வா. விடிய இறக்கிய உடன்கள்ளை ஒவ்வொரு மரத்ததும் வெவ்வேறாக வைத்து அவர்களுக்கு ஊற்றிக் கொடுப்போம். அவர்கள் குறிப்பு எழுதி முடிந்ததும் ஒவ்வொரு முட்டியையும் இறக்கியவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் பெயரைச் சொல்வோம். அதற்கான ஆட்களோடு நான் இப்போதே கதைத்து வைக்கிறேன்.

சோதனைக்கு முதல்நாள் நேரத்துக்குப் படு. மறுமொழி எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா.